காணாமல் போன பந்தி

அத்தியாயம் 6

“சார், இது என் லேப்டாப்தான். ஆனா என்னோடது இல்ல.”

ரஞ்சித் இப்படிச் சொன்னதும் துரைக்கண்ணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிரில் இருப்பவன் பொய் சொல்கிறான் என்று அர்த்தம், அல்லது கண்ணாடி அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம். துப்பறிவதைத் தொழிலாகக் கொண்ட அவரிடம் எட்டு வருஷமாக உதவியாளராகவும் டிரைவராகவும் இருக்கிறேன். இன்னும் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

“தெளிவா சொல்லுய்யா. லேப்டாப்பைக் கட்டிகிட்ட மாதிரியும் சொல்ற, கட்டிக்காத மாதிரியும் சொல்ற” என்றேன் நான்.

புதூர்நாட்டில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது ரஞ்சித்தின் ஸ்டுடியோ. பத்துக்குப் பத்து அறை, ஒரு நீலத் திரை, ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. மலையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் வீடியோ எடுப்பவன் இவன்தான். மேஜை மேல் அவனுடைய லேப்டாப் திறந்து கிடந்தது. அதில் கல்யாணம் இருக்க வேண்டும். இருந்ததோ ‘கலைவாணி, நர்சிங் இரண்டாம் வருஷம்’ என்று ஒரு ஃபோல்டர்.

“கல்யாணத்துல ஆரம்பிச்சு நர்ஸ்ல வந்து நிக்குது. நடுவுல பத்து மாசம் போயிடுச்சா?”

சார் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும், அவ்வளவுதான்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மலையடிவாரத்தில், சந்தவாசலில், ராஜ்குமார் என்பவரின் புளி மண்டியில் ஒரு ராத்திரி கொள்ளை. வாட்ச்மேன் மண்டையை உடைத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்த வாட்ச்மேன், “காசிதான் அடிச்சான்” என்று கை காட்டிவிட்டார். காசி புதூர்நாட்டுக்காரன். மண்டியில் புளி போடப் போய் எடையில் தகராறு செய்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது வேலூர் ஜெயிலில் இருக்கிறான்.

ஆனால் அந்த ராத்திரி முழுக்க காசி மலை மேல் ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். சாட்சி சொல்ல மலையே தயார். என்ன செய்வது, மலை முழுக்க அவனுக்கு மாமன் மச்சான். சொந்தக்காரர்கள் வேறென்ன சொல்வார்கள் என்று எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே வார்த்தையில் ஊதிவிட்டார். செல்போனில் படம் எடுத்தவர்கள் பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான் எடுத்தார்கள். சாம்பார் ஊற்றுகிறவனை எவன் எடுப்பான்?

வீடியோக்காரன் எடுப்பான். இலையில் குனிந்து வாய் நிறையச் சோற்றோடு இருக்கும்போது மூஞ்சிக்கு நேராக லைட்டைப் போட்டு எடுப்பானே, அந்தப் பாவம் ரஞ்சித்துக்கும் உண்டு. பந்தி முழுவதையும் எடுத்திருந்தான். தேதி, மணியோடு. கேமராவின் கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டான். மிச்சம் இருந்த ஒரே பிரதி இந்த லேப்டாப்பில்.

காசி தரப்பில் சாட்சியம் காட்ட நாளைதான் கடைசி நாள். அதற்காகத்தான் அவனுடைய வக்கீல் எங்களை மலைக்கு அனுப்பியிருந்தார்.

“யாராவது இத தொறந்தாங்களா?” என்றார் சார்.

“எவன் சார் தொறப்பான்? கடையில வெச்சுப் பூட்டிட்டுப் படவேட்டுக்கு ஷூட்டிங் போனேன். நேத்துதான் வந்தேன்.”

சார் லேப்டாப்பை மூடிக் கவிழ்த்தார். எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. அடிப்பக்கத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அலங்காரம் முடிந்து வீதியுலாவுக்குத் தயாராக இருந்தது லேப்டாப்.

“ஸ்க்ரூவுக்கெல்லாமா பொட்டு வெப்ப?”

“ஆயுத பூஜைக்கு வெச்சது அக்கா. தொழில் செய்யற சாமான். ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண வுட்டா கோச்சிக்கும்ல?”

“கோச்சிகினு மூணு பேரு குளிச்சிட்டு வந்துட்டாங்க பாரு” என்றார் சார்.

அவர் விரல் தொட்ட இடத்தில் மூன்று ஸ்க்ரூக்கள் பளிச்சென்று மொட்டையாக இருந்தன. பெரிய மூடியில் இரண்டு. பக்கத்திலிருந்த சின்ன மூடியில் ஒன்று.

“பூஜைக்கு அப்பறம்தான் இத தொறந்திருக்காங்க. ஸ்க்ரூடிரைவர் பட்டதும் பொட்டு பொடியா உதிர்ந்திருக்குது. பெரிய மூடிக்குள்ளதான் ஹார்ட் டிஸ்க் இருக்கும். கழட்டி எடுத்துகினு, எவளோ கலைவாணி டிஸ்க்க உள்ள போட்டிருக்காங்க. இப்ப சொல்லு ரஞ்சித்து. பூட்டு கடைக்கா, உன் வாய்க்கா?”

ரஞ்சித்துக்கு வியர்த்தது.

“சார், ஃபேன் சத்தம் போட்டுச்சின்னு சின்னராசுகிட்ட குடுத்துட்டுப் போனேன். வக்கீலய்யா பத்திரமா வெச்சிக்கன்னு சொல்லியிருந்தாரு. திட்டுவாருன்னுதான்...”

“உன் ஃபேன் சத்தம் நின்னுபோச்சி. அங்க ஒருத்தன் மூச்சு நிக்கப் போவுது” என்றேன். ரஞ்சித் அழுதுவிடுவான்போல் இருந்தது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன்.

சின்னராசு கடை இல்லாத மெக்கானிக். பைக்கின் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் செல்போன், லேப்டாப் சரி செய்கிறவன். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. மலையில் பாதிப் பேருக்கு அதுதான் நிரந்தர முகவரி.

“கலைவாணி எந்த ஊரு?”

“நெல்லிவாசல் சார். லீவுக்கு வந்திருக்குது.”

“சின்னராசு எங்க இருக்கான்னு தெரியாது. கலைவாணி டிஸ்க் இங்க இருந்தா, உன் டிஸ்க் அங்க இருக்கணும்” என்றபடி சார் எழுந்தார். “வண்டிய எடு சரிதா.”

*

நெல்லிவாசல் ரோட்டை ரோடு என்று சொன்னவனை அதே ரோட்டில் நடக்க விட வேண்டும். என் ஜீப் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு வசவு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது.

கலைவாணி காயப் போட்டிருந்த சாமையைக் கோழியிடமிருந்து காத்துக்கொண்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். கேட்டதும் மறைக்கவே இல்லை.

“சின்னராசு அண்ணன் போட்டுக் குடுத்தாருக்கா. என்னோடது சின்ன டிஸ்க்கு, ரொம்பிடுச்சி. ‘பெருசு ஒண்ணு சும்மா கெடக்குது, மாத்திக்கிறியா’ன்னாரு.”

“அதுல எதுவும் இல்லையா?”

“காலியா தொடச்சித்தான் குடுத்தாரு. கிளாஸ் வீடியோ எல்லாம் ஏத்திட்டேன். இப்ப இதுவும் ரொம்பிடுச்சி.”

அழித்த டிஸ்கிலிருந்து சிலதைத் தோண்டி எடுக்க முடியும். அதற்கான சாஃப்ட்வேர் என் பென்டிரைவில் இருந்தது. ஆனால் அழித்த இடத்தில் வேறு எதையும் எழுதியிருக்கக் கூடாது. கலைவாணி நர்சிங் படிப்பு முழுவதையும் எழுதியிருந்தாள். இருந்தாலும் ஓட விட்டேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோழி சாமையைத் தின்றது, யாரும் விரட்டவில்லை.

கடைசியில் ஒரு படம் வந்தது. பாதிப் படம். வாழை இலை, சாம்பார் வாளி, கரண்டியைப் பிடித்த ஒரு கை. கைக்கு மேலே வெறும் சாம்பல் நிறப் பட்டை. அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

“காசி மாமா கையா அது?” என்றாள் கலைவாணி மெல்ல.

அந்தக் கை யாருடையதாகவும் இருக்கலாம். கோர்ட் கேட்பது முகம். அடுத்த நிமிஷம் அந்தப் பெண் விஷயத்தைப் புரிந்துகொண்டு விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள்.

“நானாக்கா அழிச்சேன்? எனக்குத் தெரியாதுக்கா. மாமா எங்க வூட்டுக்கு எத்தினி தரம் வந்திருக்காரு...”

“நீ இன்னா பண்ணுவ, படிக்கத்தானே செஞ்ச” என்றேன். என் ஸ்டாக்கில் இருந்த ஜோக்குகள் எல்லாம் தீர்ந்துபோயிருந்தன. சார் அவள் தலையைத் தொட்டுவிட்டு எந்தப் பக்கம் என்று சொல்லாமல் ஜீப்பில் ஏறினார். அவர் அப்படி ஏறி நான் பார்த்ததில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, அடுத்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

*

தெய்வம் சில சமயம் பஞ்சர் ரூபத்தில் வரும். திரும்பும் வழியில், வளைவில், பைக்கைச் சாய்த்துப்போட்டு நின்றிருந்தான் சின்னராசு. பக்கத்தில் அவனை ஏற்றிக்கொள்ள ஒரு ஷேர் ஜீப். பைக்கையும் தகரப் பெட்டியையும் ஜீப்பின் கூரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சார் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார்.

“யாருகிட்ட கை நீட்டின? ராஜ்குமார்கிட்டயா?”

“ஐயோ சார், நான் எதையும் திருடல. சொன்னதச் செஞ்சேன்.”

“யாரு சொன்னது?”

“அத மட்டும் கேக்காதீங்க. கற்பூரம் அடிச்சு சத்தியம் வாங்கிகினுதான் அந்தம்மா போனாங்க.”

“அந்தம்மாவா!” நான் குறுக்கே விழுந்தேன். “இன்னா செய்யச் சொன்னாங்க அந்தம்மா?”

“மொதல்ல மெமரிய எடுத்துக் கையில குடு, அப்பறம் பொட்டியில கல்யாணம் இருந்த சொவடே தெரியாம தொடச்சிடுன்னாங்க. மெமரிய எடுத்துக் குடுத்தேன். டிஸ்க்க தொடச்சேன். நல்ல டிஸ்க்கு வீணா போவுதேன்னு கலைவாணிக்கு மாத்தினேன். ‘பந்தி போய்டுச்சா, பந்தி இல்லல்ல’ன்னு மூணு தரம் கேட்டாங்க. எனக்கு இன்னா பந்தின்னே தெரியல, ஆமான்னேன்.”

“அந்த மெமரி நல்லா இருக்குதா?”

“ஒரு கீறல் கெடையாது சார். நாலு ஜிபி.”

ஷேர் ஜீப்காரன் ஹாரன் அடித்தான். சின்னராசு சட்டையை விடுவித்துக்கொண்டு தொற்றி ஏறினான். ஜீப் கிளம்பிவிட்டது.

நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் பக்கம் மெமரி என்றால் மெமரி கார்டு. கடையில் போய் “மெமரியில பாட்டு ஏத்திக் குடு” என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அழிப்பதற்கு முன்னால் கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான்! நாலு ஜிபியில் முழுக் கல்யாணம் அடங்காது. பந்தி அடங்கும்.

“சார், பந்தி உயிரோட இருக்குது! ஆனா அந்தம்மா யாரு? ராஜ்குமார் சம்சாரமா?”

சாருக்கு உயிர் திரும்பியிருந்தது. கண்ணாடியைத் துடைத்தார்.

“கல்யாண வீடியோவுல பொம்பளைங்க எதப் பாப்பாங்க?”

“பொண்ணோட புடவை. நகை. யாரு மூஞ்சி குண்டா விழுந்திருக்குதுன்னு.”

“இந்தம்மா பந்தியத் தவிர வேற எதையுமே கேக்கல. பந்தி ரெண்டே கட்சிக்குத்தான் வேணும். ராஜ்குமார் கட்சியா இருந்தா அழிச்சிட்டுப் போயிருப்பாங்க, ஒரு காப்பி எடுத்துகினு போவ மாட்டாங்க. இவங்க எடுத்துகினு போயிட்டு அப்பறமா அழிச்சிருக்காங்க. தன்கிட்ட மட்டும்தான் இருக்கணும், வேற எவன் கையிலும் சிக்கக் கூடாதுன்னு நெனைக்கற பொம்பள இந்த மலையில ஒருத்திதான் இருக்கா.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “பச்சையம்மா! காசி பொண்டாட்டி!”

“வண்டிய விரட்டு” என்றார் சார்.

விரட்டினேன். அந்த ரோட்டை அன்றைக்கு நான் திட்டவே இல்லை. சார் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன்.

*

பச்சையம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். காலையில் நாங்கள் வந்து விசாரித்தபோது எங்களிடம் அரை வார்த்தை பேசாத பெண். கொடியில் அவளுடைய நல்ல புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆண் சட்டை, தேய்த்து, ஹேங்கரில்.

“அம்மா, பந்தி உங்ககிட்ட இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார் சார்.

புளி தட்டும் கட்டை நின்றது. மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள்.

“கண்டுபுடிச்சிட்டீங்களா? கெட்டிக்காரங்கதான். நாளைக்கு ஜட்ஜய்யா கையிலதான் குடுக்கணும்னு இருந்தேன்.”

“வக்கீல்கிட்ட கூட ஏம்மா சொல்லல?”

“மொத வக்கீலு மண்டிக்காரரோட சேந்துகினு அந்தாண்ட போய்ட்டாரு சார். மண்டிக்காரரு ஆளு ரஞ்சித்து கடையண்ட வந்து வந்து எட்டிப் பாத்துகினு போனான். அதுக்கப்பறம் யார நம்பறது? ரஞ்சித்து ‘கவலப்படாதக்கா, அண்ணன் மெமரியில பத்திரமா இருக்காரு’ன்னு சொல்லுச்சி. லேப்டாப்பு சின்னராசுகிட்ட வந்திருக்குதுன்னு தெரிஞ்சதும் ஓடினேன். மெமரிய வாங்கிகினு, மிச்சத்த தொடைக்கச் சொல்லிட்டேன். இனிமே எவன் வந்தாலும் வெறும் பொட்டிதான்.”

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இருக்காதா? மண்டிக்காரனையும் வக்கீல்களையும் எங்களையும் சேர்த்து ஏமாற்றிவிட்டாளே. நான் கை தட்டாத குறை.

உள்ளே போய், சாமைக் குதிருக்குள் கையை விட்டு ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தாள். பிரித்துச் சாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

“தண்ணி படல. எறும்பு அண்டல. நீங்களே பாருங்க.”

சார் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கார்டு இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. மேலே கறுப்புச் சில்லுகள், ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். லேப்டாப்பின் சின்ன மூடிக்குள் இருக்கும் இரண்டு ரேம்களில் ஒன்று. மெக்கானிக் பாஷையில் அதற்குப் பேர்தான் மெமரி. கரண்ட் இருக்கிற வரைக்கும்தான் அதற்கு ஞாபகம். லேப்டாப்பை அணைத்த நொடியில் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதில் எந்தக் கல்யாணமும் எப்போதும் தங்கியதில்லை. அவள் மெமரி என்றாள், சின்னராசு மெமரியைக் கொடுத்தான். டிஸ்கில் இருந்த காசியை அவளே நின்று, மூன்று தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, துடைக்கச் சொல்லியிருக்கிறாள்.

திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒருத்தரும் கிடைக்கவில்லை. மூன்று ஸ்க்ரூவைப் பார்த்தும் ஒன்றைப் பற்றி யோசிக்காமல் விட்ட எங்களைத் தவிர.

“எம்புருசன் நல்லா தெரியறாருல்ல சார் அதுல?”

சாரால் பொய் சொல்ல முடியும். தொழிலே அதுதான். ஆனால் அவர் சொல்லவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொன்றாக விளக்கினார். எது டிஸ்க், எது மெமரி, எது எங்கே போனது என்று.

பச்சையம்மா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் நகர்ந்தேன். அவள் அழவில்லை. சாரின் கையிலிருந்து அந்தப் பட்டையைப் பிடுங்கினாள்.

“நீங்களும் அந்தாண்ட போய்ட்டீங்களா?”

“அம்மா, நான் சொல்றது...”

“காலையிலேருந்து காணோம் காணோம்னு மலையெல்லாம் தேடினீங்க. இதுக்காவத்தான தேடினீங்க? கையில குடுத்ததும் காலின்றீங்க?”

“யக்கா, சத்தியமா அதுல ஒண்ணுமே இல்லக்கா” என்றேன். “நாங்க இன்னாத்துக்குப் பொய் சொல்லப் போறோம்?”

“மொத வக்கீலும் இப்படித்தான் சொன்னாரு, ‘உன் பக்கம் ஒண்ணுமே இல்ல பச்சையம்மா’ன்னு. நீ பேசாத பாப்பா. உன்ன நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்.”

அவளை நம்ப வைக்க எங்களிடம் என்ன இருந்தது? போட்டுக் காட்ட ஒரு படம் இல்லை. இல்லாததை இல்லை என்று எப்படிக் காட்டுவது? கேஸை ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் எனக்குப் போய்விட்டது. இந்தப் பெண் நாளைக்கு அத்தனை பேர் நடுவில் போய் நின்று தலை குனியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. அதற்கும் வழி தெரியவில்லை.

பட்டையை மஞ்சள் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கொடியிலிருந்து சட்டையை எடுத்து, மடிப்புக் கலையாமல் பைக்குள் வைத்தாள். புடவையையும் உருவினாள். கதவைப் பூட்டினாள். ராத்திரி கீழே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு விடிந்ததும் கோர்ட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

“வண்டியில ஏறுங்கக்கா. நாங்களும் கீழதான் போறோம்” என்றேன்.

அவள் என் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு போய், ரோட்டில் நின்றிருந்த ஷேர் ஜீப்பில் ஏறினாள். உள்ளே ஏற்கெனவே நாலைந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.

“இன்னா பச்சையம்மா, பையும் கையுமா?” என்றாள் ஒருத்தி.

பச்சையம்மா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்களுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரர கூட்டிகினு வரப் போறேன்.”